பச்சை கேட் வீட்டுக் கிண்ணம்

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ, அவரை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தால், கிண்ணத்தைக் கழுவி ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் திருப்பித் தர வேண்டும். நல்ல வழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிண்ணத்தில் வந்தது பாயசமாக இல்லாமல், விமானம் ஏறி வந்த பழமாக இருந்தால் பதிலுக்கு எதைப் போடுவது? சொன்ன மகராசன் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

இந்த எரிச்சல் எனக்குப் பச்சை கேட் வீட்டு அக்காவால் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்ததால் ஆத்தூரிலிருந்து ராசிபுரத்துக்குக் குடிவந்தோம். எங்கள் தெருவில் ஒரே ஒரு மாடி வீடு. கிளிப்பச்சை நிறத்தில் பெரிய கேட். அக்காவின் கணவர் ரிக் வண்டி வைத்து வடக்கே எங்கெங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருவார். ஒரே மகள், ஈரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தனை பெரிய வீட்டில் அக்கா தனியாக இருந்தார். ஆள் நல்ல உயரம், ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் எப்போதும் கனத்த சங்கிலி.

நாங்கள் பால் காய்ச்சிய அன்று தெருவில் முதலில் வந்து நின்றவர் அவர்தான். கையில் தங்க விளிம்பு போட்ட வெள்ளைக் கிண்ணம். உள்ளே களாக்காய் அளவில் கருநீலப் பழங்கள்.

"புது ஊட்டுக்கு வந்திருக்கறீங்க அம்மிணி. வாய இனிப்புப் பண்ணிக்குங்க. சேலத்துல கண்ணாடிக் கடையில வாங்குனதுங்க."

அந்தக் கடைக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. அக்கா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. கண்ணாடிக் கடை, அவ்வளவுதான். தானாகத் திறக்கும் கதவு, உள்ளே மார்கழிக் குளிர், எதை எடுத்தாலும் நம் ஊர் விலையில் மூன்று பங்கு. அக்கா அங்கே மட்டும்தான் வீட்டுச் சாமான் வாங்குவார். அந்தக் கடைப் பை கெட்டித் தாளில் கயிற்றுப் பிடியோடு இருக்கும். உழவர் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அதைத்தான் எடுத்துப் போவார், கடையின் பெயர் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு. நெய்க்குப் பேர்போன ஊர் எங்களுடையது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சேலத்திலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் நெய் வாங்கி வருகிற ஒரே பெண்பிள்ளை அவர்தான். போகும்போது பஸ்ஸில் போவார். வரும்போது வாடகைக் கார். தெருமுனை திரும்பியதும் டிரைவரை ஒருமுறை ஆரன் அடிக்கச் சொல்வார். எதற்கு? தெருவில் குறுக்கே ஒரு கோழிகூட இருக்காது.

ஒருமுறை என்னையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, டப்பாவில் இருப்பதைப் படிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனதும் என் முழங்கையைக் கிள்ளினார்.

"படிக்காதீங்க சாமி. நின்னு படிச்சா புதுசா வந்தவங்கன்னு தெரிஞ்சுரும்."

"படிக்காம என்னத்தைக் கண்டோம்? பூச்சி மருந்தா இருந்தா?"

"முன்னால ஒரு அம்மா போறாங்க பாருங்க, முடியக் கத்தரிச்சுட்டு. அவங்க எடுக்கறத நாமளும் எடுத்தாப் போதும். தப்பாவாதுங்க."

கடவுளே! அப்படித்தான் அந்தக் கடை முழுவதும் சுற்றினோம். அந்த அம்மா சீஸ் எடுத்தால் அக்காவும் சீஸ். அந்த அம்மா ஒரு டப்பாவைத் திரும்ப வைத்தால் அக்கா வைக்க மாட்டார். கையில் எடுத்ததைத் திரும்ப வைத்தால் கடைப் பெண் ஒரு மாதிரி பார்ப்பாளாம். விலை கேட்பது அதைவிடப் பெரிய பாவம். பில் போடும்போது வேறு பக்கம் பார்த்து நின்றார். வாங்கியது அவர், வியர்த்தது எனக்கு.

அன்று வாங்கியதில் ஒரு பாட்டில் நிறைய கறுப்புக் காய் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஆலிவ் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மறுநாள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தங்க விளிம்புக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு கை. குழந்தைகள் வாயில் போட்டுத் துப்பிக்கொண்டே வாசல் முழுக்க ஓடின. கடைசி வீட்டுச் சரசு, கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவள், சுண்டைக்காய் மாதிரி இருக்கிறதே என்று கழுவிப் புளிக்குழம்பில் போட்டுவிட்டாள். அக்கா வீடு வீடாக வந்து எப்படி இருந்தது என்று கேட்டபோது ஒருத்தியாவது உண்மையைச் சொல்ல வேண்டுமே? "ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்றார்கள். நானும்தான் சொன்னேன். சொன்ன வாய் சும்மா இருந்திருந்தால் அடுத்த வாரம் இன்னொரு பாட்டில் வந்திருக்காது.

இன்னொரு நாள் பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்தார். ஒவ்வொரு பழத்துக்கும் வெள்ளை ஸ்பாஞ்சு வலை மாட்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இதே பழத்தைக் கொல்லிமலைக்காரங்க நம்ம சந்தையில கூறு கட்டி விக்கிறாங்களே. இதுக்கு எதுக்குச் சேலம் போகணும்?"

அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார். "அது மலைப்பழம் சாமி. இது கடைப்பழமுங்க."

"ரெண்டும் மரத்துலதானேக்கா காய்க்குது?"

"இருந்தாலும் ஒருத்தருக்குக் குடுக்கறப்ப ஒரு இது வேணுமல்லங்க?" என்றார். அந்த ‘இது’ என்னவென்று கடைசிவரை விளக்கவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு வலைகளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அதை எதற்குச் சேர்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்படியே திட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எனக்கு டெங்கு வந்து படுத்தபோது தினமும் வந்து கட்டிலருகே உட்கார்ந்தவரும் அவர்தான். யாரோ சொன்னார்களென்று கிவிப் பழமாக வாங்கிக் குவித்தார். தோல் சீவி, நறுக்கி, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினார். "காச்ச வந்த ஊட்டுக்குக் கைய வீசிட்டு வரலாமுங்களா?" என்பார். அவர் கையை வீசிக்கொண்டு யார் வீட்டுக்கும் போனதில்லை, தன் வீட்டிலிருந்து யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதும் இல்லை. அவருடைய குணமே அதுதான். நல்ல குணம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்தத் தெருவில் குடியிருந்து பார்த்தால் தெரியும்.

முதல் கிண்ணத்துக்குப் பதிலாக நான் முறுக்கு சுட்டு வைத்துக் கொடுத்தேன். "ஊட்டுல சுட்டதுங்களா? போச்சாதுங்க, நல்லா இருக்குதுங்க" என்றார். பரவாயில்லையாம்! மறுநாளே கிண்ணம் திரும்பி வந்தது, பிஸ்தா பருப்போடு. நான் விடுவேனா? ஆத்தூர் ரோஷம். நெய்விட்டு அதிரசம் சுட்டேன். அத்திப்பழம் வந்தது. கடைசியில் ஒருநாள் நானே பஸ் ஏறிச் சேலம் போய் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே சின்ன சாக்லெட் டப்பாவாகத் தேடி வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விரலுக்கேத்த வீக்கம் வேணாமா? ஒரு கிண்ணத்துக்குப் பயந்துக்கிட்டா சேலம் போயிட்டு வந்தே?"

"நீங்க போய் வெறுங் கிண்ணத்தை நீட்டுங்களேன், பாக்கலாம்" என்றேன்.

எனக்காவது மாதச் சம்பளம் வருகிற வீடு. சரசு என்ன செய்வாள்? அவள் வீட்டில் அக்காவின் கிண்ணம் மாதக்கணக்கில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. வைத்துக் கொடுக்க ஒன்றும் தோதாக இல்லை. அதனால் அக்கா கண்ணில் படாமலிருக்கப் பச்சை கேட் பக்கம் வராமல் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போக ஆரம்பித்தாள். பிறகு அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு பாதித் தெரு. அக்கா கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முன்தெருவில் நாய்தான் போகும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்குக் கட்டுச்சோற்று விருந்து வந்தது. எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் பெண்ணின் தாய்வீட்டார் பலவகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், விருந்து வைத்து, வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவார்கள். தெருப் பெண்கள் முதல்நாளே கூடி வேலை பார்ப்பார்கள், மறுநாள் வேன் நிறையப் போவார்கள். பெண்வீட்டிலிருந்து எத்தனை பொம்பளைகள் வந்தார்கள் என்பதைத்தான் மாப்பிள்ளை வீட்டில் பார்ப்பார்கள். ஆள் குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு அங்கே ஆயுசுக்கும் ஒரு சொல் நிற்கும்.

முதல்நாள் மத்தியானம் நான் போனபோது அடுப்படியில் அக்கா மட்டும் நின்றிருந்தார். மேடை முழுவதும் கண்ணாடிக் கடைப் பைகள். புளிக்காய்ச்சல்கூடப் பாட்டிலில் வாங்கி வைத்திருந்தார். தேங்காய் உடைக்கக்கூட ஆளில்லை.

"ஏனுங்க சாமி, ஒருத்தரையுங் காணமே. எல்லார்த்தையும் ஊடு ஊடாப் போயிக் கூப்புட்டனுங்களே. நான் யாருக்கு என்ன கொறை வெச்சேன்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"உங்க கிண்ணம் எல்லார் வீட்லயும் இருக்குக்கா. அதுல எதைப் போட்டுத் திருப்பித் தர்றதுன்னு தெரியாம அவங்கவங்க ஒளிஞ்சுக்கிட்டுத் திரியறாங்க. சந்து வழியாப் போறாங்களே, பாத்ததில்லையா நீங்க?"

"நான் திருப்பிக் கேட்டனுங்களா?"

"நீங்க கேக்கலை. வெச்சுக் கொடுத்தா ‘போச்சாதுங்க’ன்னு ஒரு பார்வை பாக்கறீங்களே, அதை யாரு தாங்குவா?"

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவரிடம் நின்று பேசி ஆகப்போவதில்லை என்று நேரே சரசு வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வா சரசு. அக்கா ஒத்தையில நிக்கறாங்க."

"வெறுங் கிண்ணத்த மாசமா இருக்கற புள்ள விசேசத்துக்கு எடுத்துட்டு வாரதுங்களா? பாவமுங்க!"

"ஒரு பிடி அரிசி போடு."

"ரேசன் அரிசிதானுங்க இருக்குது. அதயப் போயி அந்த ஊட்டுக்கா? மானம் போயிருமுங்க."

"போனா போகுது, போடுடி!" என்றேன். போட்டாள். அவள் கிளம்பியதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரியும் அரிசியோடு கிளம்பினாள். சாயங்காலத்துக்குள் பச்சை கேட் வீட்டு அடுப்படியில் நிற்க இடமில்லை. வந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாங்கி அக்கா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அந்த அரிசியைத்தான் மறுநாள் தயிர்ச்சோற்றுக்குப் போட்டோம்.

விருந்தில் சம்பந்தியம்மா மறுபடி கேட்டு வாங்கியது தயிர்ச்சோற்றைத்தான். "குழைவா நல்லா இருக்குதுங்க, என்ன அரிசிங்க?" என்று கேட்டார். சரசு தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"சேலத்துல வாங்குனதுங்க சம்பந்தி. கண்ணாடிக் கடையில."

சரசு என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றியிருந்தது. அதோடு போயிற்றா? விருந்து முடிந்த மறுநாள் காலையில் தெருவில் எல்லா வீட்டுக்கும் அந்தந்தக் கிண்ணம் திரும்பி வந்துவிட்டது. உள்ளே நிறைய முந்திரியும் பேரீச்சம்பழமும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவு கத்தியது யார் காதில் விழுந்தது?

பேரன் பிறந்து ஒரு வருஷம் இருக்கும். வடக்கே வேலை படுத்துவிட்டது, ரிக் வண்டி கைவிட்டுப் போயிற்று என்று சொல்லிக்கொண்டார்கள். அக்காவின் கணவர் ஊரோடு வந்து சேர்ந்தார். பிறகு மாடி வீடும் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாகக் கேட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். போகிற அன்று அக்கா என்னிடம், "வெண்ணந்தூர்ப் பக்கம் கொஞ்ச நாளைக்கு இருக்கலாமுன்னுங்க. அங்க காத்து நல்லா இருக்குதுங்க" என்றார். கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய கிண்ணம் ஒன்று என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சில மாதம் கழித்து ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அதே கண்ணாடிக் கடைப் பை, கயிறு அறுந்து தறி நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. "அக்கா!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பி விடுவிடுவென்று போய்விட்டார். சரசு போவாளே, அதே மாதிரி. எனக்கு நடுரோட்டில் அழுகை வந்தது.

நூல் எடுக்க வெண்ணந்தூருக்குப் போய்வரும் சரசுவிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கிண்ணத்தில் முறுக்கு நிறைத்துக்கொண்டு போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான். கதவைத் தெறங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்களா சாமி? நாளைக்கு வாங்க. இன்னைக்கி ஊட்டுல ஒண்ணுமே இல்லீங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. தண்ணிகூட வேணாம். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"இத்தன தூரம் வந்தவங்கள வெறும் வாயோட எப்படிங்க அனுப்பறது? பொறவு வாங்க சாமி. சொல்லியுடறனுங்க."

"என்னக்கா இது அநியாயம்! நான் என்ன விருந்தாளியா? தெறங்கக்கா!" என்று கதவை அடித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டார்: "ஒடம்பு இப்பப் பரவாயில்லீங்களா சாமி? அதுக்கப்பறம் காச்ச ஏதும் வரலீங்களே?"

கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று பேசினோம். பேரன் நடக்கிறானாம். சரசு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கடைசியில் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இப்படி ஒரு வீம்பா! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் விடிந்து எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தால், நூல் முடிச்சுப் போட்ட அந்தப் பை மாட்டியிருந்தது. உள்ளே என் முறுக்குப் போன கிண்ணம். கிண்ணத்தில் இரண்டு பட்டர் ஃப்ரூட். கொல்லிமலைப் பழம்தான், சந்தையில் கூறு கட்டி விற்பது. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஸ்பாஞ்சு வலை மாட்டியிருந்தது. பழைய வலை, துவைத்துத் துவைத்து இழை பிரிந்திருந்தது.

அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பின்சந்து வழியாகப் போனதைச் சரசு பார்த்தாளாம். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம்.

பழத்தைச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. கிண்ணத்தைக் கழுவி அடுப்படியில் வைத்திருக்கிறேன். முறுக்கா, அதிரசமா, ஒரு பிடி அரிசியா, எதைப் போட்டு எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கதவு திறக்கும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.